அலமாரியில் மடித்து வைத்த குவில்ட்டை வீட்டிலேயே முடிப்பது எப்படி

குவில்ட் என்பது துண்டுத் துணியில் தைத்து, நடுவில் பஞ்சு வைத்த போர்வை. அதன் மேல் துணியை மட்டும் தைத்து முடித்தவர்கள் எங்கள் கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். பாத்தேக் கைலித் துண்டு, பழைய பருத்திச் சேலை, தீபாவளிக்குத் தைத்த பாவாடையின் மிச்சம் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை பொருத்தி, அழகாக இணைத்துவிடுகிறார்கள். அதோடு அது அலமாரிக்குப் போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால், "இதுக்கு மேல பெரிய மெஷின் வேணுமாமே" என்கிறார்கள்.

வேண்டாம். ரவிக்கை தைக்கும் சாதாரண மெஷின் போதும். அதுவும் இல்லையென்றால் ஊசியும் நூலும் போதும். சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த என் பாட்டி, நைந்த சேலைகள் நாலைந்தை அடுக்கி, ஓரத்தை மடித்து, நெடுக ஓட்டுத் தையல் போட்டே பிள்ளைகளுக்கு விரிப்பு தைத்தார். மலாய்க்காரர் வீடுகளில் துண்டுத் துணியில் தைக்கும் செலிமுட் பெர்ச்சா உண்டு. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடும் காந்தா உண்டு. கர்நாடகத்தின் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தியும் கையால் போடும் ஓட்டுத் தையல்தான். அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான் கீழே சொல்லும் முறை நடுவில் தொடங்கி வெளியே போவது.

முடிப்பது என்றால் மூன்று வேலை: மேல் துணி, நடுப் பஞ்சு, அடித் துணி மூன்றையும் அசையாமல் பிடித்து வைப்பது, மூன்றும் சேரும்படி தைப்பது, ஓரத்துக்குப் பட்டி கட்டுவது. இதில் முதல் வேலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அடியில் சுருக்கம், நடுவில் உப்பல், ஓரத்தில் அலை என்று என்னிடம் கொண்டுவந்து காட்டுகிற கோளாறுகளில் பெரும்பாலானவை தையலில் வந்தவை அல்ல, தரையில் விரித்தபோதே வந்தவை. அதனால் அந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு எந்தப் பஞ்சு?

நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பைக் கடையில் வாடிங் அல்லது பேட்டிங் என்று கேளுங்கள். கோலாலம்பூர் வெக்கைக்குத் தடித்த பாலியெஸ்டர் பஞ்சு வேண்டாம். விலை குறைவு, எடை குறைவு, சீக்கிரம் காயும், எல்லாம் சரி. ஆனால் போர்த்திக்கொண்டால் வேர்க்கும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். மெல்லிய பருத்திப் பஞ்சு, அல்லது 80க்கு 20 என்ற அளவில் பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது நல்லது. ஏர்கான் அறையில் போர்த்த அது தாராளம்.

பருத்திப் பஞ்சு முதல் துவைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கும். 60 அங்குல நீளம் இரண்டு மூன்று அங்குலம் குறைந்துவிடும். துணியெல்லாம் இலேசாக நெளிந்து பழைய குவில்ட் போன்ற தோற்றம் வருவது இதனால்தான். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதவர்கள் பஞ்சின் உறையில் எழுதியிருப்பதைப் படித்து, முன்கூட்டியே நனைத்துக் காயவைக்கலாமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் விழ வேண்டும் என்பதும் அதே உறையில் இருக்கும். சிலவற்றுக்கு 4 அங்குலம், சிலவற்றுக்கு 10 அங்குலம் வரை விடலாம். அதற்கு மேல் இடைவெளி விட்டால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு கட்டிக் கட்டியாகத் திரண்டுவிடும்.

பஞ்சே வேண்டாம் என்பவர்கள் நடுவில் ஒரு ஃபிளானல் துணியையோ நைந்த பருத்திச் சேலையையோ வைக்கலாம். கைக்குழந்தைக்குத் தைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். இலேசாக இருக்கும், ஒரே காலையில் காய்ந்துவிடும்.

அடித் துணிக்கு அளவு

கணக்குக்கு 50க்கு 60 அங்குல மேல் துணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடித் துணியும் பஞ்சும் நாலு பக்கமும் 3 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். அதாவது 56க்கு 66. ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானிலோ மஸ்ஜித் இந்தியா பக்கமோ துணிக்கடையில் 60 அங்குல அகலப் பருத்தி கிடைத்தால் ஒன்றே முக்கால் மீட்டர் போதும், ஒட்டு இல்லை. 44 அங்குல அகலம்தான் கிடைக்கிறது என்றால் 3 மீட்டர் வாங்கி, இரண்டாக வெட்டி, இரு ஓரத்திலும் நெருக்கமாக நெய்த கரையைக் கத்தரித்துவிட்டு, பக்கவாட்டில் இணையுங்கள். கரையை விட்டுவைத்தால் அது சுருங்கும் அளவும் துணி சுருங்கும் அளவும் ஒத்துப்போகாமல் இழுக்கும்.

பழைய படுக்கை விரிப்பை அடியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். மெஷினில் தைப்பதாக இருந்தால் வைக்கலாம். கையால் என்றால் வேண்டாம். நெருக்கமாக நெய்த விரிப்பில் ஊசி இறங்காது, விரல்தான் புண்ணாகும். பழைய பருத்திச் சேலை கைத் தையலுக்கு வெண்ணெய் மாதிரி.

பாத்தேக், அடர்சிவப்பு, கருநீலம் போன்ற துணிகள் மேல் பகுதியில் இருந்தால், ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றையும் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டுகிறதா என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வினிகரிலும் உப்பிலும் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். கடையில் வாங்கிய சாயத் துணிக்கு அது உதவாது.

தரையில்

மேல் துணியையும் அடித் துணியையும் இஸ்திரி போடுங்கள். மேல் துணியின் பின்பக்கம் தொங்கும் நூல்களை வெட்டிவிடுங்கள். வெளிர்நிறத் துணிக்கு அடியில் கிடக்கும் கறுப்பு நூல் கடைசிவரை தெரியும். பஞ்சை முதல் நாள் இரவே உறையிலிருந்து எடுத்து விரித்து வைத்தால் மடிப்பெல்லாம் தானே தளரும்.

வரவேற்பறை நாற்காலிகளை ஒதுக்கி, டைல்ஸ் தரையை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். வேர்க்கத்தான் செய்யும், ஆனால் காற்றாடி ஓடினால் மேல் துணி ஒரு நிமிடம் நிற்காது.

அடித் துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரியுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, எதிர்ப்பக்க நடுவுக்குப் போய் இழுத்து ஒட்டுங்கள். அப்புறம் மற்ற இரண்டு பக்கம். மூலைகள் கடைசியில். துணி சுருக்கமில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் ரப்பர் மாதிரி இழுபட்டு இருக்கக் கூடாது. இழுத்து ஒட்டிய துணி டேப்பை எடுத்ததும் தன் பழைய அளவுக்குச் சுருங்கும். அப்போது பின்பக்கமெல்லாம் சுருக்கம் விழும். இந்த ஒரு இடத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள்.

அதன் மேல் பஞ்சு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உள்ளங்கையால் நீவுங்கள். இழுக்க வேண்டாம், நீவினால் போதும். அதன் மேல் மேல் துணி, நல்ல பக்கம் மேலே. மறுபடி நடுவிலிருந்து நீவுங்கள். வரிசைக் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று எழுந்து நின்று பாருங்கள். உட்கார்ந்து பார்க்கும்போது தெரியாத கோணல் நின்று பார்த்தால் தெரியும்.

இனிப் பிடித்து வைக்க வேண்டும். மெஷினில் தைக்கப் போகிறீர்கள் என்றால் ஊக்கு. உள்ளங்கையைத் துணி மேல் எங்கே வைத்தாலும் ஒரு ஊக்காவது அடியில் அகப்பட வேண்டும். ஏறக்குறைய 4 அங்குலத்துக்கு ஒன்று. நம்முடைய 50க்கு 60 குவில்ட்டுக்கு 200 ஊக்கு பிடிக்கும். அவ்வளவா என்று மலைக்காதீர்கள், இதில் மிச்சம் பிடித்தால் பின்னால் பிரிக்க வேண்டியிருக்கும். எல்லா ஊக்கையும் முதலில் குத்தி, மூடாமல் விட்டுக்கொண்டே போங்கள். முழுவதும் குத்திய பிறகு நடுவிலிருந்து மூடிக்கொண்டு வாருங்கள். தேக்கரண்டியின் நுனியால் ஊக்கின் முனையைத் தூக்கி மூடினால் விரல் வலிக்காது.

கையால் தைப்பதாக இருந்தால் ஊக்கைவிட நூல் மேல். நீள ஊசியில் வெள்ளை நூல் கோத்து, இரண்டு அங்குலத் தையலாக, 4 அங்குலத்துக்கு ஒரு வரிசை, நடுவிலிருந்து நாலாப்பக்கமும் ஓட்டுங்கள். நிற நூல் வேண்டாம், அதன் சாயம் ஒட்டிக்கொள்ளும். மெஷினுக்கு இந்த முறை சரிவராது, மெஷினின் பாதம் நூலில் மாட்டிக்கொள்ளும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டுப் பகுதி பகுதியாகச் செய்யலாம். தெளித்து ஒட்டும் ஸ்பிரே பசையும் விற்கிறது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அது எளிதில் தீப்பற்றும். ஃபிளாட்டில் சன்னலைத் திறந்து வைத்து, சாமி விளக்கும் அடுப்பும் எரியாத நேரத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

டேப்பை எடுத்து, குவில்ட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் அந்தப் பகுதி ஊக்குகளை எடுத்துவிட்டு மறுபடி குத்துங்கள். மனம் வராதுதான். ஆனால் இப்போது கால் மணி நேர வேலை, தைத்த பிறகு அரை நாள் வேலை.

இன்னொன்று. ஊக்கு குத்திய குவில்ட்டை மாதக்கணக்கில் மடித்து வைக்காதீர்கள். இந்த ஈரக் காற்றில் ஊக்கு துருப்பிடிக்கும். நான் ஒரு குவில்ட்டை ஐந்து மாதம் அப்படி விட்டு, வெள்ளைச் சதுரங்களில் துருக்கறை விழுந்தது. அது இன்றுவரை போகவில்லை.

கோடு போட

தையல் எங்கே ஓட வேண்டும் என்று காட்டும் கோட்டுக்கு, வெளிர் துணியில் தையல்காரர் சாக் கட்டி, அடர்நிறத் துணியில் காய்ந்த சோப்புத் துண்டு. இரண்டும் துவைத்தால் போய்விடும். நேர்க்கோட்டுக்கு மாஸ்கிங் டேப்பே போதும், அன்றன்றைக்கு எடுத்துவிடுங்கள், வெக்கையில் பசை ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் மறையும் நீலப் பேனாக் கோட்டின் மேல் இஸ்திரி போட்டால் கறை நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனாவுக்கு வேறு சிக்கல்: உறைநிலைக்கு வெகுகீழே குளிர் இறங்கினால் கோடு திரும்பத் தெரியும். கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பப் போகும் குவில்ட்டில் அதை நான் தொட மாட்டேன்.

கையால் தைப்பது

பிட்வீன் என்ற குட்டை ஊசி கேளுங்கள். எண் கூடக் கூட ஊசி சிறிதாகும். புதியவர்களுக்கு 8 அல்லது 9. நூல் பருத்தி நூல், நீளம் 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் போனால் முறுக்கிக்கொள்ளும். பூத்தையல் வளையம் இருந்தால் போதும். அதில் துணியைத் தபேலா மாதிரி விறைப்பாகப் பூட்டாமல் கொஞ்சம் தொய்வாக விடுங்கள், ஊசி நெளிய இடம் வேண்டும்.

நூல் நுனியில் சிறு முடிச்சு போட்டு, தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, மேல் துணிக்கும் பஞ்சுக்கும் நடுவில் ஊசியை விட்டு, தொடங்கும் புள்ளியில் வெளியே எடுங்கள். நூலை மெல்லச் சுண்டினால் முடிச்சு 'டொப்' என்று உள்ளே இறங்கிப் பஞ்சில் மறைந்துகொள்ளும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்கும்போது வரும் மகிழ்ச்சியே தனி.

ஊசியை நேராகக் கீழே குத்துங்கள். அடியில் இருக்கும் விரலில் நுனி இலேசாகப் பட்டதும், அந்த விரலால் மேலே தள்ளி, ஊசியைச் சாய்த்து மேலே கொண்டுவாருங்கள். மறுபடி நிமிர்த்திக் குத்துங்கள். ஊசியில் மூன்று நாலு தையல் சேர்ந்ததும் இழுங்கள். நடுவிரலில் விரலுறை கட்டாயம். கை வேர்த்து ஊசி வழுக்கினால், பணம் எண்ணுகிறவர்கள் போடும் ரப்பர் உறையை ஆள்காட்டி விரலில் போட்டுக்கொள்ளுங்கள்.

அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று கவலைப்பட வேண்டாம். தொடக்கத்தில் ஐந்து வந்தாலே நல்லது. எல்லாம் ஒரே அளவில் இருப்பதுதான் கண்ணுக்கு அழகு. சிறு தையல் வரவில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது 8ஆம் எண் பெர்ல் என்ற பூத்தையல் நூல். தடித்த நூலில் கால் அங்குலத் தையல் போடுங்கள், காந்தாவின் சாயல் வந்துவிடும். வேகமும் இரண்டு மடங்கு. நூல் முடியும்போது துணியை ஒட்டி ஒரு முடிச்சு போட்டு, அதையும் அப்படியே உள்ளே இறக்கிவிடுங்கள். தையலை நிறுத்தும் ஒவ்வொரு நாளும் வளையத்தைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் வட்டத் தடம் விழும்.

மெஷினில் தைப்பது

மெஷினுக்கு அடியில் சேர்ந்த பஞ்சுத் தூசியைத் துடையுங்கள். புதிய 90/14 ஊசி போடுங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். அப்புறம், காசு செலவழிக்க வேண்டிய ஒரே பொருள் வாக்கிங் ஃபுட். சாதாரணப் பாதத்தில் அடித் துணியை மெஷினின் அடியில் இருக்கும் பல் இழுத்துப் போகும், மேல் துணி பின்தங்கும். வாக்கிங் ஃபுட் மேலேயும் பல் வைத்து இரண்டையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். உங்கள் மெஷினின் மாடலைச் சொல்லி, பாதத்தை மாட்டும் தண்டு குட்டையா (லோ ஷாங்க்) நெட்டையா (ஹை ஷாங்க்) என்று கேட்டு வாங்குங்கள்.

மிச்சத் துணியில் அதே மூன்று அடுக்கு வைத்து முதலில் தைத்துப் பாருங்கள். அடிநூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் இறுக்கத்தைக் குறையுங்கள். மேல்நூல் அடியில் தெரிந்தால் கூட்டுங்கள்.

மெஷின் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இடப்பக்கம் ஒரு நாற்காலி வையுங்கள். குவில்ட்டின் எடை கீழே தொங்கி இழுத்தால் தையல் குறுகும், கோடும் வளையும். வலப்பக்கப் பாதியைப் பாய் மாதிரி சுருட்டி மெஷினின் கைக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். வீட்டு மெஷினில் ஆறேழு அங்குல இடம்தான் இருக்கும், ஆனால் இரண்டு ஆள் படுக்கும் அளவுவரை இதில் தைக்கலாம்.

முதல் கோடு நட்டநடுவில். அடுத்தது அதற்கு வலப்பக்கம், அப்படியே ஓரம்வரை. போகப் போகச் சுருள் மெலிந்துகொண்டே வரும். ஓரம் வந்ததும் குவில்ட்டைத் திருப்பி மற்ற பாதி. ஒவ்வொரு பாதியிலும் எல்லாக் கோட்டையும் ஒரே முனையிலிருந்து தொடங்குங்கள். ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று தைத்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் துணி சாய்ந்து சுருங்கும்.

இணைப்புத் தையலின் பள்ளத்திலேயே தைக்கச் சொல்வார்கள். புதியவர்களுக்கு அது கடினம், கொஞ்சம் விலகினாலும் பளிச்சென்று தெரியும். இணைப்புக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளி ஒவ்வொரு கோடு போடுங்கள். பாதத்தின் ஓரத்தையே அளவாக வைத்துக்கொள்ளலாம். ஊக்கு பாதத்தை நெருங்கும்போது எடுத்துவிடுங்கள், அதன் மேல் தைத்தால் ஊசி முறியும். கையுறை போட்டால் பிடிமானம் கிடைக்கும், வேர்வையும் துணியில் படாது. துணியைத் தள்ளவோ இழுக்கவோ வேண்டாம், வழி காட்டினால் போதும்.

வாக்கிங் ஃபுட் வாங்க முடியவில்லையா? 4 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போடுங்கள். தடித்த பருத்தி நூலால் மூன்று அடுக்கையும் குத்தி எடுத்து, இறுக்கி இரட்டை முடிச்சு போட்டு, அரை அங்குல வால் விட்டு வெட்டுங்கள். இரண்டு மூன்று மாலையில் முடிந்துவிடும். கைக்குழந்தையின் குவில்ட்டில் மட்டும் இது வேண்டாம், வாலைப் பிடித்து வாயில் வைக்கும்.

ஓரப் பட்டி

ஓரத்தைச் சுற்றி, மேல் துணியின் விளிம்பிலிருந்து அரைக்கால் அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டிவிட்டு, அடுத்து மிச்சப் பஞ்சையும் அடித் துணியையும் அளவுகோல் வைத்து நேராக வெட்டுங்கள். மூலைகள் சரியான செங்கோணமாக இருக்கட்டும்.

சுற்றளவு 220 அங்குலம், மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தால் 232. அகலம் 40 அங்குலம் தேறும் துணியில் 2½ அங்குலப் பட்டி ஆறு வேண்டும். அரை மீட்டர் வாங்கினால் போதும். நேர் ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் (துணியைச் சாய்வாக வெட்டிய பட்டி) தேவையில்லை, வளைந்த ஓரத்துக்குத்தான். பட்டிகளைக் குறுக்குச் சாய்வாக இணைத்தால் ஒட்டு தடிக்காது. பிறகு நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். தொடக்க நுனியைச் சாய்வாக வெட்டி அரை அங்குலம் உள்ளே மடித்துக்கொள்ளுங்கள்.

குவில்ட்டின் முன்பக்கத்தில், ஒரு பக்கத்தின் நடுவில், பட்டியின் பிசிறு ஓரமும் குவில்ட்டின் ஓரமும் சேரும்படி வையுங்கள். முதல் 3 அங்குலத்தை விட்டுவிட்டு, கால் அங்குலம் உள்ளே தைத்துக்கொண்டு போங்கள்.

மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கள். பின்தையல் போட்டு நூலை வெட்டுங்கள். அடுத்த பக்கம் உங்கள் முன்னால் வரும்படி குவில்ட்டைக் கால் சுற்று திருப்புங்கள். பட்டியை நேர் மேலே, உங்களைவிட்டு விலகிப் போகும்படி மடியுங்கள். மூலையில் சாய்வாக ஒரு மடிப்பு விழும். அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பட்டியை மறுபடி கீழே இறக்குங்கள். இப்போது மேலே விழுந்த மடிப்பு குவில்ட்டின் மேல் ஓரத்தோடு சமமாக இருக்க வேண்டும். அந்த ஓரத்திலிருந்தே தையலைத் தொடங்குங்கள். படிக்கும்போது குழப்பமாகத் தெரியும். ஒரு காகிதப் பட்டியை வைத்து இரண்டு தடவை மடித்துப் பாருங்கள், கைக்குப் புரிந்துவிடும்.

சுற்றி வந்ததும் கடைசி நுனியைத் தொடக்கத்தில் மடித்து வைத்த பைக்குள் ஓர் அங்குலம் நுழைத்து மேலே தைத்துவிடுங்கள். பட்டியைப் பின்பக்கம் திருப்பி, மெஷின் தையல் மறையும்படி வைத்து, கையால் எம்மிங் போடுங்கள். மூலைகள் தாமாகவே சாய்வாக மடியும். மெஷினில் முழுக்கத் தைத்தவர்களும் இதை மட்டும் கையால் செய்யுங்கள் என்பேன். இரண்டு மாலை வேலை, ஓரம் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்று பாருங்கள்.

பாட்டி செய்தபடி அடித் துணியையே முன்பக்கம் மடித்துத் தைக்கவும் செய்யலாம். அடித் துணியை மட்டும் ஓர் அங்குலம் விட்டு வெட்டி, பாதியாக மடித்து, இன்னொரு மடிப்பாக முன்னால் கொண்டுவந்து தைத்தால் முடிந்தது. ஆனால் அதன் விளிம்பில் ஒரே அடுக்குத் துணிதான் இருக்கும், தனிப் பட்டியைவிடச் சீக்கிரம் நைந்து போகும்.

பின்பக்க மூலையில் ஒரு துண்டுத் துணியில் யாருக்கு, யார் தைத்தது, எந்த ஆண்டு என்று எழுதித் தைத்துவிடுங்கள்.

முதல் துவைப்பு

குளிர்ந்த தண்ணீர், இலேசான சோப்பு. எடுத்ததும் எங்காவது சாயம் பரவியிருப்பது தெரிந்தால் காயவைக்காதீர்கள். காய்ந்தால் கறை பிடித்துக்கொள்ளும். பெரிய தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிறைய விட்டு, சோப்புத் தூள் கலந்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி ஊறவையுங்கள்.

ஈரக் குவில்ட் கனக்கும். ஒரே கொடியில் போட்டால் அதன் எடையே தையலை இழுக்கும், இரண்டு கம்பிக்கு மேல் பரப்பிப் போடுங்கள். காலையிலேயே போட்டுவிடுங்கள், இங்கே மத்தியான மழையை நம்ப முடியாது. மழைக்காலமென்றால் பக்கத்து டோபிக் கடையின் பெரிய டிரையரில் குறைந்த சூட்டில் போடலாம். வெளியே காய்ந்ததுபோல இருந்தாலும் பஞ்சுக்குள் ஈரம் நிற்கும், அப்படியே மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பட்டி ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், கடைசியாகக் காயும் இடம் அதுதான். அங்கே குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கட்டும்.